கியர்பாக்ஸை இறக்காதீர்கள்

பழைய காரைக் கொண்டுபோய் நிறுத்தி, “ரிவர்ஸ் போட்டா கர்ர்னு கத்துதுண்ணே” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான ஒர்க்‌ஷாப்புகளில் மெக்கானிக் சாவியைக்கூடக் கேட்கமாட்டார். “சிங்க்ரோ போயிருக்கும் சார், பெட்டியை இறக்கிப் பாத்துரலாம்” என்று தீர்ப்பு வந்துவிடும். பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் கேட்டாலும் இதேதான். கூடவே ஒருவர், “140 ஆயில் ஊத்துங்க, சத்தம் அடங்கிடும்” என்பார். இன்னொருவர், “அம்பாசிடர்னா அப்படித்தான் இருக்கும்” என்று சிரித்துவிட்டுப் போவார்.

மூன்றும் தப்பு. கடைசியில் சொன்னது சோம்பேறித்தனம், நடுவில் சொன்னது அரைகுறை. முதலில் சொன்னதுதான் காசைத் தின்பது. நல்ல கியர்பாக்ஸ்கள் பல அந்த ஒரு வாக்கியத்தால் பிரிக்கப்பட்டு, பிரிப்பதற்கு முன்பு இருந்ததைவிட மோசமாகத் திரும்பி வந்திருக்கின்றன. சத்தம் பெட்டிக்குள் கேட்கிறது என்பதற்காகக் கோளாறும் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை. கியர் கத்தும் காரில் முதல் சந்தேகம் கிளட்ச் மேல் விழ வேண்டும். அடுத்தது ஓட்டுகிறவர் மேல். அதற்கும் பிறகுதான் கியர்பாக்ஸ்.

அந்த முதல் தீர்ப்பையே எடுத்துக்கொள்வோம். ரிவர்ஸ் கத்துகிறது, அதனால் சிங்க்ரோ, அதாவது கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம், போய்விட்டது. பழைய அம்பாசிடரிலும் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோவே கிடையாது. முதல் கியருக்கும் கிடையாது. இரண்டு, மூன்று, டாப், இந்த மூன்றுக்கு மட்டும்தான் அதைக் கொடுத்தார்கள். இசுசு எஞ்சினோடு ஐந்து கியர் வைத்து வந்த பிற்கால அம்பாசிடர் வேறு கதை. ஆனால் பழைய நாலு கியர் வண்டியில், இல்லாத சிங்க்ரோ எப்படிப் போகும்? இந்தக் கேள்வியைக் கேட்டால் மெக்கானிக் கொஞ்சம் யோசிப்பார். பிறகு, “எதுக்கும் இறக்கிப் பாத்துரலாம் சார்” என்பார்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. கியர்பாக்ஸுக்குள் இரண்டு கூட்டங்கள் சுற்றுகின்றன. ஒன்று எஞ்சின் பக்கத்தது: கிளட்ச் பிளேட், அது கோத்திருக்கும் இன்புட் ஷாஃப்ட், அது சுழற்றும் லே ஷாஃப்ட், அதோடு கடித்துக்கொண்டே இருக்கும் கியர்கள். மற்றது சக்கரத்தின் பக்கத்தது: மெயின் ஷாஃப்டும் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாமும். கியர் விழுவதென்றால் இந்த இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். வேகம் வேறாக இருக்கும்போது பூட்ட முயன்றால் பல்லோடு பல் உரசும். அதுதான் நம் காதில் விழும் கர்ர்.

வண்டி நின்றுகொண்டிருக்கிறது என்றால் சக்கரத்தின் பக்கம் நிச்சலனம். ஆகவே எஞ்சின் பக்கத்துக் கூட்டமும் சுற்றுவதை நிறுத்தியாக வேண்டும். அதை எஞ்சினிலிருந்து அறுத்துவிடுவது கிளட்ச் ஒன்றுதான். கிளட்ச் முழுசாக விடாமல் பிளேட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருந்தால் இன்புட் ஷாஃப்ட் நிற்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ரிவர்ஸை எந்தக் கியர்பாக்ஸில் போட்டாலும் கத்தத்தான் செய்யும். நேற்று தொழிற்சாலையிலிருந்து வந்த பெட்டியாக இருந்தாலும் கத்தும்.

வண்டி ஓடும்போது சிங்க்ரோவின் வேலையும் இதே கணக்கில் வருகிறது. மூன்றாவது கியரின் விகிதம் 1.4, இரண்டாவதின் விகிதம் 2.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் 3,000 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டாவதுக்கு இறக்கினால், அதே சாலை வேகத்துக்கு இன்புட் ஷாஃப்ட் 4,700 சுற்றுக்கு ஏறியாக வேண்டும். அந்த 1,700 சுற்றையும் கண்சிமிட்டும் நேரத்தில் ஏற்றிக் கொடுப்பது விரல் கனம்கூட இல்லாத ஒரு பித்தளை வளையம். அது கியரின் கூம்பு மேல் அழுந்தி, உரசி, இழுத்து வேகத்தைச் சமப்படுத்துகிறது. கிளட்ச் சரியாக விட்டிருந்தால் அந்த வளையம் இழுக்க வேண்டியது ஒரு பிளேட்டையும் இரண்டு ஷாஃப்டையும் மட்டும். கிளட்ச் இழுத்துக்கொண்டிருந்தால் ஃப்ளைவீலோடு சேர்த்து ஓடுகிற எஞ்சினையே இழுக்க வேண்டும். முடியாமல் தோற்றுப்போகிறது. தோற்றதை வைத்து வளையம் கெட்டுவிட்டது என்று சொல்வது, அண்டா நிறையத் தண்ணீரைக் குழந்தை தூக்கவில்லை என்று குழந்தையை மருத்துவரிடம் கூட்டிப்போவது மாதிரி.

எதிர்த்தரப்பு இந்த இடத்தில் அனுபவத்தைக் கொண்டுவரும். “முப்பது வருஷமா இறக்கிக்கிட்டிருக்கேன் சார். இறக்கி வேலை பாத்தா சரியாயிடுது. அப்புறம் என்ன?” இது பலமான வாதம் மாதிரி இருக்கும். சரியாகிவிடுகிறது என்பதும் பலமுறை உண்மைதான். ஆனால் பெட்டியை இறக்கியபோது வேறு என்னவெல்லாம் நடந்தது என்று பில்லைப் பாருங்கள். “எப்படியும் இறக்கியாச்சு” என்று கிளட்ச் பிளேட் மாற்றியிருப்பார்கள். ரிலீஸ் பேரிங் மாற்றியிருப்பார்கள். ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றி மாட்டியதால் லைனில் ஏர் எடுத்திருப்பார்கள். பெடல் ப்ளே புதிதாக வைத்திருப்பார்கள். ஆயிலும் புதுசு. இத்தனையில் எது நோயைத் தீர்த்தது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பெரிய தொகை சிங்க்ரோ ரிங்குக்குப் போனதால் பெயரும் அதற்கே போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இறக்காமலே கண்டுபிடிக்க முடியுமா என்றால், முடியும். சம்பளம் கொடுக்காமல் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். சமதரையில் நிறுத்தி, பிரேக்கில் காலை வைத்து, எஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் விடுங்கள். நியூட்ரலில் கிளட்சை விட்டு ஒரு நிமிஷம். பிறகு பெடலைத் தரை வரை மிதித்து, பத்து எண்ணுங்கள். அவசரப்படக் கூடாது, முழுசாகப் பத்து. கிளட்ச் விட்ட பிறகும் ஷாஃப்ட் தன் வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றும், அது ஓயட்டும். இப்போது மெதுவாக ரிவர்ஸ். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நல்லவன். பத்து எண்ணிய பிறகும் கத்தினால் யாரோ ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அது எஞ்சின் அல்லாமல் வேறு யார்? எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். எல்லாக் கியரும் வெண்ணெயாக விழுந்தால் லீவர், செலக்டர் பக்கமும் குற்றமில்லை.

இன்னொரு சோதனை பழைய டிரைவர்களிடம் இருந்து வந்தது. அவர்கள் இதைச் சோதனையாக நினைத்ததில்லை, பழக்கமாகச் செய்தார்கள். முதல் கியரோ ரிவர்ஸோ போடும் முன் லீவரை ஒரு கணம் மூன்றாவதில் அழுத்தி எடுப்பார்கள். மூன்றாவதின் சிங்க்ரோ சுற்றுகிற ஷாஃப்டைப் பிடித்து நிறுத்திவிடும். உடனே ரிவர்ஸ் சத்தமில்லாமல் போகும். இந்த வித்தை பலித்தால் உங்கள் வண்டிக்கு நோயே இல்லை, உங்களுக்குத்தான் பொறுமை இல்லை. கிளட்சை மிதித்தபடியே நியூட்ரலில் இரண்டு வினாடி விட்டதும் மறுபடி கத்த ஆரம்பித்தால் கிளட்ச் இழுக்கிறது. இதைவிடச் சுருக்கமான பரிசோதனை எனக்குத் தெரியாது. இதைச் செய்ய ஸ்பேனர்கூட வேண்டாம்.

கிளட்ச் விடவில்லை என்று தெரிந்தபின்பும் பெட்டியை இறக்க அவசரப்பட வேண்டியதில்லை. பெடலை வேகமாக மூன்று முறை பம்ப் செய்துவிட்டுப் போடுங்கள். கியர் சுலபமாக விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாஷர் எண்ணெயைப் பின்னால் விடுகிறது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் சிலிண்டர் உட்சுவர் துருப்பிடித்து வாஷரைச் சிராய்த்துவிடும். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பி, பெடலில் மிதித்ததில் கொஞ்சத்தைத் தானே விழுங்கிவிடும். எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது தேய்மானம். பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் தண்டையும் கோக்கும் பின், அது நுழையும் ஓட்டை, பெடல் சுற்றும் புஷ், ஸ்லேவ் தண்டு ஃபோர்க்கைத் தொடும் இடம், ஃபோர்க்கின் அச்சு. ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் கடைசியில் பிரஷர் பிளேட் விலக வேண்டியதே ஒன்றிரண்டு மில்லிமீட்டர். வழியில் இத்தனை பேருக்குச் சுங்கம் கட்டியபின் அங்கே என்ன மிஞ்சும்?

ஹெரால்டுக்கும் அதன் எஞ்சினை வைத்திருந்த மற்ற ஸ்டாண்டர்டு, டிரையம்ஃப் வண்டிகளுக்கும் தனியாக ஒரு திருட்டுத்தனம் உண்டு. கிளட்சை மிதிக்கும்போது அந்த விசை கிராங்க் ஷாஃப்டை முன்னால் தள்ளுகிறது. தள்ளுவதைத் தாங்குவது அரைநிலா வடிவத்தில் இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்துவிட்டால் பெடலில் மிதித்தது கிளட்சைப் பிரிப்பதற்குப் பதில் கிராங்க்கையே முன்னால் நகர்த்திவிடும். கிளட்ச் முழுசாக விடாது, கியர் கத்தும். பெட்டியைப் பிரித்து எத்தனை சிங்க்ரோ ரிங் மாற்றினாலும் கத்தும். இதை அறிய பானெட்டைத் திறந்து, ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைப் பார்த்தால் போதும். ஹெரால்டில் முன்பக்கம் முழுவதுமே முன்னால் சாய்ந்து திறப்பதால் டயரில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். புல்லி கண்ணுக்குத் தெரியும் அளவு முன்னும் பின்னும் போனால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள். வாஷர் தேய்ந்து கீழே சம்ப்பில் விழுந்துவிட்டால் கிராங்க் நேராக பிளாக்கை அரைக்கும். கியர் சத்தம் என்று வந்த வண்டியில் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் செத்துக்கொண்டிருக்கும். பெட்டியை இறக்கச் சொன்னவர் அன்றைக்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார்?

பெட்டியே குற்றவாளியாக இருக்கும் சமயங்கள் உண்டு, மறைக்கவில்லை. அடையாளமும் தெளிவானது: எல்லாக் கியரும் கத்தாது, ஒன்று மட்டும் கத்தும். நிற்கும்போது கத்தாது, ஓடும்போது கத்தும். அதிலும் வேகமாக இறக்கும்போது அதிகம். பெரும்பாலும் இரண்டாவதுதான் முதலில் போகும், ஏனென்றால் சிங்க்ரோ உள்ள கியர்களில் பெரிய தாவல் அதற்குத்தான், ஊருக்குள் அதிகம் போடப்படுவதும் அதுதான். டபுள் கிளட்ச் செய்து இறக்கினால் சத்தம் இல்லை, சாதாரணமாக இறக்கினால் உண்டு என்றால் வளையம் தேய்ந்திருக்கிறது, சந்தேகமில்லை. கியர் விழுந்தபின் தானே வெளியே குதித்தால், நியூட்ரலில் கிளட்சை விட்டதும் உள்ளே ஊளையிட்டு மிதித்ததும் அடங்கினால், அதுவும் பெட்டிதான், பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். அப்போது இறக்குங்கள். ஆனால் இதில் எதையும் ஓட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. நின்ற இடத்தில் “சிங்க்ரோ போச்சு” என்கிறவர் ஓட்டிப் பார்க்கவில்லை என்பதைத்தான் சொல்கிறார்.

“இறக்கித்தான் பார்ப்போமே, என்ன குறைந்துவிடும்?” என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஒரு சிங்க்ரோ வளையமும் அதன் கூம்பும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஒன்றோடொன்று உரசிப் பழகியவை. வேலை செய்துகொண்டிருந்த வளையத்தை எடுத்துவிட்டு, எந்தப் பட்டறையில் வார்த்ததென்று தெரியாத புதுசைப் போட்டால் கூம்பில் அது சரியாக உட்காரும் என்று உறுதியில்லை. லே ஷாஃப்டுக்குள் கோத்திருக்கும் நீடில்களை ஒன்று குறையாமல் திரும்ப வைக்க வேண்டும். த்ரஸ்ட் வாஷர்களின் கனம் மாறினால் இடைவெளி மாறும். சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் நாள் முழுக்கச் சுற்றினாலும் ஹெரால்ட் பெட்டிக்கு நல்ல உள்சாமான் கிடைப்பது அரிது. வண்டலூர் தொழிற்சாலையில் ஹெரால்டும் அதற்குப் பின் வந்த கேஸலும் தயாரிப்பது நின்றுபோய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. நல்லதைப் பிரிப்பதில் குறைவது இதுதான்.

ஓட்டுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய காரில் ஓட்டக் கற்றவர் ரவுண்டானாவில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முதல் கியரைத் தள்ளுவார். சிங்க்ரோ இல்லாத முதல் கியரில் அப்படித் தள்ளினால் கத்தும், கத்த வேண்டும். 1928-இல் அமெரிக்காவில் கேடிலாக் சிங்க்ரோவைக் கொண்டுவரும் வரை உலகம் முழுக்கப் பெரும்பாலும் டபுள் கிளட்ச் செய்துதான் கியர் போட்டார்கள். இறக்குவதென்றால் கிளட்ச், நியூட்ரல், கிளட்சை விடு, ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு, மறுபடி கிளட்ச், கியர். எண்ணும்போது நீளமாகத் தெரியும், கைவந்துவிட்டால் இரண்டு மூச்சு. என் அனுபவத்தில் ஒரு வாரத்தில் வந்துவிடும். வரவில்லையென்றால் வண்டியை முழுசாக நிறுத்திவிட்டு முதல் கியர் போடுங்கள். எதுவும் செய்யாமல் பெட்டியைப் பழிக்கக் கூடாது.

140 ஆயில் விஷயம். கெட்டியான ஆயில் சத்தத்தைக் குறைக்கிறது என்பது உண்மை, எந்தச் சத்தத்தை என்பதுதான் கேள்வி. தேய்ந்த பேரிங்கின் ஊளையை அமுக்கும். கியர் கத்துவதை அதிகமாக்கும். சிங்க்ரோ வளையத்தின் உட்பக்கம் நுணுக்கமான வரிகள் இருக்கின்றன. கூம்பின் மேல் படிந்த ஆயில் படலத்தை அந்த வரிகளின் கூர் ஓரம் வழித்தெறிந்தால்தான் உலோகம் உலோகத்தைப் பிடிக்கும். ஆயில் கெட்டியாக ஆக அதை வழித்தெறிய நேரம் பிடிக்கிறது. அதுவரை வளையம் வழுக்கும். காலையில் குளிர்ந்த வண்டியில் இரண்டாவது முரண்டு பிடிப்பதற்கு இதுதான் காரணம். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் மோரிஸ் மைனருக்கும் எம்ஜிபிக்கும் கியர்பாக்ஸில் எஞ்சின் ஆயிலையே ஊற்றச் சொன்னது. அதில் எந்தக் கிறுக்குத்தனமும் இல்லை. 90 என்ற எண்ணைப் பார்த்து 30-ஐவிட மூன்று மடங்கு கெட்டி என்று பயப்படுபவர்களுக்கும் ஒரு செய்தி: கியர் ஆயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் எண் வரிசை வேறு. 90 கியர் ஆயில் ஏறத்தாழ 40, 50 எஞ்சின் ஆயிலின் கனம்தான். 140 அப்படியல்ல, அது நிஜமாகவே தேன்பாகு. ஜி.எல்.5 ஆயில் பித்தளையை அரித்துவிடும் என்று பரவிய பயத்தில் பாதி மிகை என்பது என் எண்ணம். ஆனால் வழுக்கல் அதிகம் என்பதால் சிங்க்ரோவுக்கு ஜி.எல்.4 நல்லது. கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஊற்றுங்கள், விவாதம் முடிந்தது.

“பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்” என்பவர்களிடம் வாதாட எனக்கு நேரமில்லை. ஹெரால்ட் 1961-இல் ஷோரூமில் நின்றபோது கத்தவில்லை.

என் வண்டி கத்தியது. நான்கு கதவு ஹெரால்ட், 948 சிசி. ரிவர்ஸ் போட்டால் தெருநாய் எழுந்து ஓடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் உள்ளே கார்பெட்டைத் தூக்கி, நடுவில் இருக்கும் கவரைக் கழற்றி, கியர்பாக்ஸைச் சீட்டுகளுக்கு நடுவே உள்பக்கமாகவே வெளியே எடுத்தார்கள். ஹெரால்டில் அப்படித்தான் எடுக்க வேண்டும். குழியில் படுத்து இறக்கும் வேலை இல்லை. சிங்க்ரோ ரிங் மூன்றும் மாற்றியாயிற்று. இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு மறுபடி ரிவர்ஸ், மறுபடி நாய். “இன்னொரு தடவை இறக்கிப் பாத்துரலாம் சார்” என்றார். நான் பணம் கொடுத்துவிட்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

வீட்டில் பெடலுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். மாஸ்டர் சிலிண்டர் தண்டைக் கோக்கும் பின் நடுவில் பாதி தேய்ந்து இடுப்பு ஒடிந்த மாதிரி இருந்தது. ஓட்டை வட்டமாக இல்லை, முட்டையாக இருந்தது. லேத்தில் கொடுத்து ஓட்டையைச் சரிசெய்து, புதுப் பின் போட்டேன். அதற்கு ஆன செலவை இங்கே எழுதினால் ஒர்க்‌ஷாப் பில்லைப் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும், வேண்டாம். ரிவர்ஸ் விழுந்தது. நாய் படுத்தே இருந்தது. இரண்டு வாரம் நன்றாக இருந்தது எப்படி என்று கேட்கலாம்: பெட்டியை மாட்டும்போது ஸ்லேவில் ஏர் எடுத்திருக்கிறார்கள், அது பின்னின் தேய்மானத்தைக் கொஞ்ச நாள் ஈடுகட்டியிருக்கிறது.

கழற்றிய பழைய ரிங்குகளை அவர்கள் நேர்மையாக ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மேசை டிராயரில் இன்னும் இருக்கின்றன. உள்பக்கத்து வரிகளின் மேல் நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு வரியும் தட்டுகிறது.